கேட்டால் குறைந்துவிடுவோமா?

கே: வேலை போய் இரண்டு மாதம் ஆகிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போய் மாலையில் திரும்புகிறேன். எப்படிச் சொல்வது?
– வாசகர், ஓசூர்

ப: இன்று இரவே சொல்லிவிடுங்கள். விடிகாலையில் எழுந்து அந்த டிபனைக் கட்டித் தருகிறவருக்கு இதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. வேலை போனதில் உங்கள் தப்பு ஏதும் இல்லாமலே இருக்கலாம். மறைப்பது உங்கள் தப்புதான். வாடகை, ஸ்கூல் ஃபீஸ், நகைக்கடன் எல்லாவற்றுக்கும் இருவருமாக உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். முதல் பத்து நிமிடம்தான் கஷ்டம்.

கே: மேனேஜராக இருந்தவன் நான். எனக்குக் கீழே இருந்தவரிடமே இன்று வேலை கேட்க வேண்டிய நிலைமை. மனசு இடம் தரவில்லையே?
– வாசகர், கோவை

ப: அமிதாப் பச்சனின் ஏ.பி.சி.எல். நிறுவனம் 1990-களின் பிற்பாதியில் நொடித்தது. கடன்காரர்கள் வாசலுக்கு வந்தார்கள். நாடே கொண்டாடிய அந்த நடிகர், தயாரிப்பாளர் யஷ் சோப்ராவிடம் நேரில் போய் வேலை கேட்டார். ‘மொஹப்பதேன்’ படம் கிடைத்தது. இளம் நாயகன் ஷாருக் கான். அமிதாபுக்குக் கண்டிப்பான கல்விக்கூடத் தலைவர் வேடம். அதே 2000-ல், பெரிய நட்சத்திரங்கள் டி.வி. பக்கம் வரத் தயங்கிய காலத்தில், ‘கௌன் பனேகா குரோர்பதி’ நடத்த வந்தார். கடனையும் அடைத்தார். நீங்களும் போய்க் கேளுங்கள். அன்று என்னவாக இருந்தீர்கள் என்பது அவருக்கே தெரியும். இன்று என்ன செய்து தர முடியும் என்பதைச் சொல்லுங்கள்.

கே: சொந்தக்காரர்கள் தாங்களாகவே உதவ வருகிறார்கள். வாங்கினால் தன்மானம் போய்விடாதா?
– வாசகி, தூத்துக்குடி

ப: உங்கள் ஊர் வக்கீல் வ.உ.சி.யை நினைத்துக்கொள்ளுங்கள். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டவர். 1908-ல் சிறை, கோவைச் சிறையில் செக்கிழுத்தார். 1912 கடைசியில் வெளியே வந்தபோது கப்பலும் இல்லை, வக்கீல் சனதும் இல்லை. சென்னையில் குடும்பத்தோடு வறுமையில் தவித்தார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகத் திரட்டிய பணம் காந்தியிடம் இருந்தது. அதைக் கேட்டு 1915-ல் காந்திக்கு ஒருமுறைக்குப் பலமுறை கடிதம் எழுதினார். இன்றைய நிலையில் அந்தப் பணம் வேண்டாம் என்றால் எனக்கும் என் குடும்பத்துக்கும் தவறிழைத்தவனாவேன் என்ற பொருளில் எழுதினார். கடைசியில் கைக்கு வந்தது 347 ரூபாய் 12 அணா. அதைக் கேட்டு வாங்கியதால் அவர் தன்மானம் எங்கும் போய்விடவில்லை. பிள்ளைகள் பசித்திருக்க ‘வேண்டாம்’ என்று சொல்வது வீறாப்பு. வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா.

கே: கை நீட்டி வாங்கிவிட்டால் காலமெல்லாம் தலையாட்ட வேண்டியதுதானா?
– வாசகர், மதுரை

ப: அவசியமே இல்லை. அதே வ.உ.சி.தான் 1920-ல் ஒத்துழையாமைத் திட்டத்தில் காந்தியோடு கருத்து மாறுபட்டு, காங்கிரஸை விட்டே விலகினார். பணம் வந்த வழியை எண்ணி அவர் வாயை மூடிக்கொள்ளவில்லை. தன் தேவையை ஒளிக்காமல் சொன்னவர், தன் கருத்தையும் ஒளிக்காமல் சொன்னார். இரண்டுக்கும் ஒரே துணிச்சல்தான் வேண்டும்.

கே: அப்படியானால் நன்றிக்கடன்?
– வாசகி, சேலம்

ப: வ.உ.சி.க்குப் பறிபோன வக்கீல் சனது திரும்பக் கிடைக்க உதவிய ஆங்கிலேய நீதிபதியின் பெயர் வாலஸ். வ.உ.சி. தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். வெள்ளையரை எதிர்த்துச் செக்கிழுத்தவர், தனக்கு நல்லது செய்த வெள்ளையரின் பெயரை வீட்டுக்குள் நாள்தோறும் கூப்பிட்டார். நன்றியை இப்படி வாய்விட்டுச் சொல்லலாம்.

கே: உள்ளாட்சித் தேர்தலில் சொந்தத் தெருவே எனக்கு ஓட்டுப் போடவில்லை. எப்படித் தலைகாட்டுவது?
– வாசகர், சிவகாசி

ப: பக்கத்து விருதுநகரில் 1967-ல் காமராஜரே தோற்றார். சொந்த ஊர், எதிரே நின்றவர் ஒரு மாணவர் தலைவர். 1969-ல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் மறுபடியும் மக்களிடம் ஓட்டுக் கேட்டுப் போனார், ஜெயித்தார். நாளைக் காலையிலேயே தெருவில் நடங்கள். குடிநீர்க் குழாய் ரிப்பேராக இருந்தால் பதவி இல்லாமலே மனுக் கொடுங்கள்.

கே: நொடித்துப்போன நண்பனுக்கு உதவ ஆசை. ஆனால் அவன் ரோஷக்காரன்.
– வாசகர், திருப்பூர்

ப: நாலு பேர் பார்க்கக் கொடுக்காதீர்கள். பணத்தோடு அறிவுரையையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். உங்களிடம் வேலை இருந்தால் வேலையாகவே கொடுங்கள். கடனைத் திருப்பித் தருகிறேன் என்று வந்தால், பெருந்தன்மை காட்டுவதாக நினைத்து ‘வேண்டாம்’ என்று மறுத்துவிடாதீர்கள். ஐம்பது ரூபாயானாலும் எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்கும்போது அவர் பணிந்தார். வாங்கும்போது நீங்கள் பணியுங்கள்.