ஒரு நீத்துப்பெட்டி எத்தனை கிராம்?

இந்த வாரக் கேள்விகள்: சாப்பாடு, உடல் நிறை, கையிலிருக்கும் போன்.

கே: கலோரிக் கணக்குப் போடும் ஆப்பில் பிட்டை ‘ஒரு கோப்பை’ என்கிறார்கள். நாங்கள் நீத்துப்பெட்டியில் அல்லவா அவிக்கிறோம்?
– இல்லத்தரசி, தன்னாமுனை

ப: உங்கள் அடுப்படியை ஆப்புக்கு நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு மட்டும் தராசு ஒன்றை இரவல் வாங்குங்கள். குழைக்குமுன் மாவையும் தேங்காய்ப்பூவையும் தனித்தனியே நிறுங்கள். எத்தனை பெட்டி வந்தது என்று எண்ணி வகுங்கள். அதை ஆப்பில் உங்கள் சொந்த உணவாகப் பதிந்துவிட்டால், பிறகு பெட்டியை எண்ணினாலே போதும்.

கே: 100 கிராம் சோற்றுக்கு ஓரிடத்தில் 130 கலோரி, இன்னோரிடத்தில் 350. எது பொய்?
– வங்கி ஊழியர், ஏறாவூர்

ப: இரண்டும் உண்மை. 350 அரிசிக்கு, 130 சோற்றுக்கு. நடுவில் சேர்ந்தது தண்ணீர். நிறுத்தது உலையில் போடுமுன்னா, வடித்த பின்னா என்று பார்த்துப் பதியுங்கள்.

கே: இராச்சாப்பாட்டைப் பாதியாக்கிவிட்டேன். நிறை இறங்கவேயில்லை.
– ஓட்டோ சாரதி, செங்கலடி

ப: பிளேன்டீயைப் பதிந்தீர்களா? நாளுக்கு ஐந்து, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் ஏறக்குறைய 50 கிராம், 200 கலோரி. 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சோடாவுக்கு ஆப்பே வேண்டாம். 2016 முதல் இலங்கையில் போத்தலிலேயே சீனிக்கு நிறக்குறி உண்டு. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேலே போனால் சிவப்பு. சிவப்பைக் கண்டால் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

கே: போனால் உடம்பு திருந்தும் என்பதற்கு ஆதாரம் உண்டா?
– ஆசிரியை, வந்தாறுமூலை

ப: உண்டு, நமக்குப் பக்கத்திலேயே. சென்னை மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் விளிம்பில் நின்ற 537 தென்னிந்திய ஆண்களுக்கு வாழ்க்கைமுறை ஆலோசனை கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு உணவு, உடற்பயிற்சி பற்றிய குறுஞ்செய்திகளும் விடாமல் போயின. 2 ஆண்டுகளில் செய்தி கிடைத்தவர்களில் 18 வீதத்தினருக்கும், கிடைக்காதவர்களில் 27 வீதத்தினருக்கும் நீரிழிவு வந்தது. 2013இல் வெளியான ஆய்வு இது. பட்டன் போனுக்கும் வரக்கூடிய செய்திதான். விடாத நினைவூட்டலுக்கு அவ்வளவு பலன்.

கே: அம்மாவுக்குச் சலரோகம். ஆப் சொன்னபடி சாப்பாட்டை அரைவாசியாக்கட்டுமா?
– மகள், மயிலம்பாவெளி

ப: வேண்டாம். இன்சுலினோ சில வகைக் குளிசைகளோ எடுப்பவர் திடீரெனச் சாப்பாட்டைக் குறைத்தால் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். அம்மா சாப்பிடுவதை ஒரு கிழமை எழுதி, கிளினிக்குக்குக் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள். மருந்தும் சோறும் சேர்ந்தே குறையவேண்டும். அதை அவர்தான் தீர்மானிக்கவேண்டும்.

கே: காசு கட்டி வாங்க நல்ல ஆப் எது?
– இளைஞர், தன்னாமுனை

ப: முதலில் போனிலிருக்கும் கமராவைப் பயன்படுத்துங்கள். ஒரு கிழமை, மூன்று வேளையும், கை வைக்குமுன் தட்டைப் படமெடுங்கள். ஞாயிறு இரவு 21 படங்களையும் வரிசையாகப் பாருங்கள். சோறு தட்டை நிறைத்திருக்கும்; முருங்கையிலை வறை ஓரத்தில் ஒரு பிடி கிடக்கும். திங்கள் மத்தியானம் சோற்றில் ஓர் அகப்பை குறைத்து, அந்த இடத்தில் வறையை வையுங்கள். வாவி மீன் குழம்பு அப்படியே இருக்கட்டும். அந்தத் தட்டையும் படமெடுங்கள்.