உள்ளே துணி விட்டிருக்கு

பரதநாட்டிய வகுப்புக்கு மாதம் 600 ரூபாய் என்று சொன்னபோது, நாகர்கோவிலில் விலை ஏறாமல் மிச்சமிருப்பது கலை ஒன்றுதான் என்று மகிழ்ந்துபோனேன். அந்த மகிழ்ச்சி நவராத்திரி வரைக்கும் நீடித்தது.

மகளுக்கு எட்டு வயது. அவள் அரங்கேற்றம் செய்வாள் என்ற கனவெல்லாம் எங்களுக்குக் கிடையாது. சனி, ஞாயிறில் ஒரு மணி நேரமாவது சோபா தப்பிக்கட்டும் என்றுதான் அனுப்பினோம். டீச்சரோ, கோயில் நவராத்திரி மேடையில் பிள்ளைகள் ஆறு நிமிடம் ஆட வேண்டும், உடுப்பும் நகையும் அவரவர் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். ஆறு நிமிடம்தானே, பட்டுப்பாவாடையிலேயே ஆடட்டுமே என்றேன். வீட்டில் யாரும் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

"பிள்ளை ஒரு நாளு மேடை ஏறப் போறா. அதுல போயி கணக்குப் பாக்கியே" என்றாள் அம்மை. "வடசேரிக்குப் போ. அங்க இல்லாத நகையா?"

வடசேரி என்றால் எனக்குக் கனகமூலம் சந்தையும் பஸ் ஸ்டாண்டும்தான். அதே வடசேரியில்தான் கோயில் நகை செய்யும் ஆசாரிமார் தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். வெள்ளித் தகட்டை வளைத்து, உள்ளே அரக்கு நிரப்பி, சிவப்புக் கெம்புக்கல் பதித்து, கல்லைச் சுற்றித் தங்கரேக்கு ஒட்டுகிற வேலை. சாமிக்கென்று செய்தது பிறகு நாட்டியக்காரிகளுக்கும் வந்து சேர்ந்தது. புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்கும் அதே மரியாதை கிடைத்திருக்கிறது. ஆனால் கிரைண்டரை மகள் தலையில் வைத்துக் கட்ட வேண்டும் என்று இதுவரை எந்த டீச்சரும் சொன்னதில்லை.

டீச்சர் எழுதிக் கொடுத்த சீட்டை அங்கே ஒரு ஆசாரிப் பெரியவரிடம் வாசித்தேன். நெற்றிச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி, ஜடைநாகம், மாட்டல், ஜிமிக்கி, அட்டிகை, மாங்காய் மாலை, வங்கி, ஒட்டியாணம். பலசரக்குக் கடையில்கூட நான் இவ்வளவு நீளமாக வாசித்ததில்லை. பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வெள்ளியில் செய்தால் என்ன ஆகும் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார். வெளியே நின்ற என் ஸ்கூட்டரைத் திரும்பிப் பார்த்தேன். அதை விற்றால் ஒட்டியாணத்துக்குக் கிட்டத்தட்ட வரும். நெற்றிச்சுட்டிக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

என் முகத்தைப் பார்த்து அவரே இரக்கப்பட்டார். "சாரே, இது சாமிக்குச் செய்யிற உருப்படியாக்கும். சாமி வளராது. பிள்ளை வளருமே."

இப்படி உண்மை பேசி வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்கிற மனிதரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அன்று இரவு அபர்தீனிலிருந்து கொழுந்தியாள் போன் பண்ணினாள். அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் மகளும் நடனம் படிக்கிறாள். ஸ்காட்லாந்துக்காரர்களின் ஹைலேண்ட் நடனம். ஸ்காட்லாந்து எனக்குப் பக்கத்து ஊர் மாதிரி என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன், ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவன் என்பதால். அந்த ஸ்காட் ஒரு ஆளின் பெயர் என்று டிகிரி வாங்கிய பிறகுதான் தெரியும்.

அங்கே கில்ட் என்ற மடிப்புப் பாவாடை கட்டி ஆட வேண்டும். நம் உடுப்பில் விசிறி மடிப்பு முன்னால். கில்ட்டில் மடிப்பெல்லாம் பின்னால், முன்பக்கம் தட்டை. பெரிய ஆம்பிளைக்கு முழுசாகத் தைத்தால் எட்டு கஜம் கம்பளி போகுமாம். மடிசாருக்கு ஒரு கஜம்தான் குறைவு. ஒரு ஆட்டத்தில் தரையில் இரண்டு வாளைக் குறுக்கே போட்டு, கால் படாமல் அதன்மேல் துள்ள வேண்டும். எங்கள் வீட்டில் தரையில் கிடக்கும் பென்சில் டப்பாவையே மிதிக்காமல் கடக்க முடியாது.

"என்ன விலைக்கு வாங்கினாய்?" என்றேன். எனக்கு வேண்டியது அதுதான்.

"புதுசா? நூத்துக்கணக்குல பவுண்டு ஆகும் அத்தான். விளையாட்டா ஆடுற பிள்ளைக்கு யாராவது வாங்குவாங்களா? கிளாஸ்ல பெரிய பிள்ளை போட்டதைப் பாதி விலைக்கும் கீழே வாங்கினேன். உள்ளே துணி மடிச்சு விட்டிருக்கு, வளர வளரப் பிரிச்சுக்கலாம். இடுப்புல வார், ஓட்டையை மாத்தி மாத்திப் போட வேண்டியதுதான்."

அந்த உடுப்பை ஸ்காட்லாந்து மலைநாட்டு ஆண்களும் பையன்களும் உடுத்தக் கூடாது என்று 1746இல் லண்டன் பாராளுமன்றம் சட்டம் போட்டு, 1782இல்தான் எடுத்தது. 36 வருடம். கொழுந்தியாள் இதை அதிசயமாகச் சொன்னாள். அவள் பிறந்த மண்ணிலேயே நாடார் பெண்கள் தோளில் ஒரு சீலை போடுவதற்கு அடியும் உதையும் பட்டார்கள். திருவிதாங்கூர் அரசாணை வர 1859 ஆகிவிட்டது. அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, உடுப்பு அரக்கு நிறமா மயில்கழுத்து நிறமா என்று நாங்கள் மூன்று ராத்திரி சண்டை போட்டிருக்கிறோம்.

முதலில் வாடகை உடுப்பைப் பார்த்தோம். கடை பெயர் வேண்டாம். மகளுக்குப் போட்டு இறுக்க 11 ஊக்கு தேவைப்பட்டது. "அப்பா, இதுல வேற யாரோ வியர்த்திருக்காங்க" என்று அவள் ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னாள். பிறகு வகுப்பில் ஒரு அக்காவுக்குச் சின்னதாகிப்போன உடுப்பு 1,200 ரூபாய்க்கு வந்தது. அரக்கு நிறம், பச்சைக் கரை. பட்டு மாதிரி மின்னும். பட்டா என்று யாரும் கேட்காதவரை பட்டுதான்.

அதை வடசேரித் தையல்காரர் ஒருவரிடம் கொண்டுபோனேன். நீளத்தைக் கீழே வெட்டிவிடலாமே என்றதும் என்னை ஒரு பாவியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். விசிறியின் அடியில்தான் ஜரிகைக் கரை ஓடுகிறது. அங்கே வெட்டினாலும் மடித்தாலும் கரை போய்விடும். ஆகவே குறைப்பதை மேலே, இடுப்புக்குள் ஒளித்துவைக்க வேண்டும். ஜாக்கெட்டின் பக்கவாட்டிலும் அப்படியே. "உள்ள துணி விட்டிருக்கு சாரே. 11 வயசு வரைக்கும் ஓடும்" என்றார். அபர்தீனும் வடசேரியும் ஒரே வார்த்தையில் வந்து நின்றன.

நகை கவரிங்கில் முடிந்தது. சலங்கை மட்டும் புதிது. அதை இரவல் வாங்கக் கூடாது என்று அம்மை கையெடுத்துக் கும்பிட்டாள். மிச்சம் பிடித்ததையெல்லாம் தோவாளைப் பிச்சிப்பூ வாங்கிக்கொண்டது. நவராத்திரி சமயத்தில் தோவாளைச் சந்தையில் பூ விலை கேட்பவன் உட்கார்ந்துகொண்டு கேட்பது நல்லது.

மேடையில் அவளுக்குக் கிடைத்த இடம் மூன்றாம் வரிசை. முன்னால் நின்ற பிள்ளை உயரம். நான் எடுத்த ஆறு நிமிட வீடியோவில் பச்சைக் கரை மூன்று தடவை தெரிகிறது. கை ஒன்றும் தெரிகிறது. அது இவள் கைதான் என்று மனைவி சத்தியம் செய்கிறாள். வீட்டுக்கு வந்ததும் நகையை எல்லாம் கழற்றி எறிந்தவள், சலங்கையை மட்டும் கழற்ற விடவில்லை. கீழ்வீட்டுக்காரர் மறுநாள் மாடியேறி வந்து சலங்கையை விசாரித்துவிட்டுப் போனார்.

இப்போது அவளுக்கு நாட்டியம் வேண்டாமாம், சிலம்பம் வேண்டுமாம். ஆகையால் எட்டு முதல் பதினொரு வயதுக்குள் பெண்பிள்ளை இருக்கிறவர்கள் சொல்லி அனுப்புங்கள். அரக்கு நிறம், பச்சைக் கரை, மேடை ஏறியது எங்கள் கையில் ஒரே தடவை, விலை 900. உள்ளே விட்ட துணி இன்னும் பிரிக்கவில்லை. சலங்கையைக் கேட்க வேண்டாம். அதைக் கட்டிக்கொண்டுதான் கம்பு சுற்றுகிறாள்.