சாய்வது கோபுரமில்லை

கேள்வி: எங்கள் ஊர் ஆஞ்சநேயர் போனுக்குள் கம்பீரமாக நிற்கிறார். அதே போனில் யாழ்ப்பாண மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பிடித்தால் பின்னால் சாய்கிறதே? (மருதனார்மடம் வாசகர்)

பதில்: சாய்வது கோபுரமில்லை, உங்கள் போன். அண்ணாந்து பிடித்தால் நேர்கோடுகள் உச்சியில் நெருங்கிவிடும். போனை நட்டமாகப் பிடித்தபடி, முழுக் கோபுரமும் அடங்குமட்டும் பின்னுக்குப் போங்கள். கீழே மிஞ்சும் நிலத்தைப் பிறகு வெட்டலாம். 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் நினைவாக எழுந்த கோபுரம் அது. போரில் காயப்பட்டு மறுபடி நிமிர்ந்தது. உங்கள் படத்திலும் நிமிர்ந்தே நிற்கட்டும்.

கேள்வி: யாழ்ப்பாணப் பொது நூலக முன்றல் சரஸ்வதி சிலைக்கு எந்த நேரம் நல்லது?

பதில்: விடிந்து கொஞ்ச நேரம். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களில் நண்பகல் வெயில் நேரே உச்சியில் நிற்கும். கண்கள் நிழலில் போய்விடும். காத்திருக்க வேண்டுமென்றால் சுப்பிரமணியம் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது.

கேள்வி: தமிழாராய்ச்சி மாநாட்டு நினைவிடத்தில் செல்பி எடுத்தால் பிழையா? (இணுவில் மாணவி)

பதில்: முதல் படம் உங்களுடையதாக வேண்டாம், பிள்ளை. 1974 ஜனவரி 10 இரவு, வீரசிங்கம் மண்டபத்துக்கு வெளியே தமிழ் கேட்கக் கூடிய சனத்தின் நினைவிடம் அது. பொலிஸார் கூட்டத்தைக் கலைத்தபோது அறுந்து விழுந்த மின்கம்பி உயிர்களைப் பறித்தது. அந்த நினைவுச்சின்னம் இடிக்கப்பட்டும் திரும்ப எழுந்தது. ஆகவே முதலில் தனியாக அதைப் பிடியுங்கள். பிறகு முற்றவெளியும் தெரியத் தள்ளி நின்று ஒன்று. அஞ்சலி செலுத்த வந்தவர்களின் முகங்களைக் கேட்காமல் எடுக்காதீர்கள். இவ்வளவும் முடிந்தபின் நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள்: வந்து பார்த்தேன் என்பதும் சாட்சிதான்.

கேள்வி: கொழும்புச் சுற்றுலாவில் சுதந்திர சதுக்கத்துக் கொடியைப் படமெடுக்க ஆசை. சிங்கம் மட்டும் பெரிதாக வர என்ன வழி?

பதில்: வழி இருக்கிறது, சொல்லமாட்டேன். ஓரத்துப் பட்டைகள் 1951இல் சேர்ந்தவை: பச்சை முஸ்லிம்களுக்கு, செம்மஞ்சள் தமிழருக்கு. அவற்றை வெட்டினால் அது தேசியக் கொடியின் படமே அல்ல. காற்று முழுத்துணியையும் விரிக்கும்வரை பொறுங்கள்.

கேள்வி: ட்ரோன்?

பதில்: சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி கையில் இருந்தால்.

கேள்வி: எடுத்த படங்களை என்ன செய்ய?

பதில்: நாலைந்தையாவது அச்செடுங்கள். பின்புறம் பென்சிலால் இடமும் திகதியும் எழுதுங்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. எரியுமுன் அந்தக் கட்டடம் எப்படி இருந்ததென்று இன்று காட்டுபவை யாரோ எடுத்துவைத்த படங்கள்தான்.