மோட்டார்க் கைகாட்டியின் புனருத்தாரணம்: ஒரு சித்தாந்த விசாரணை

திரும்புவதற்கு முன்னால், திரும்பப்போகிறோம் என்பதைப் பிறருக்குத் தெரிவிக்க வேண்டும் என்னும் தர்மம் மனித வர்க்கத்தில் எந்த யுகத்தில் உதித்தது என்பதைச் சரித்திராசிரியர்கள் எவரும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. ஆயினும், அந்தத் தர்மத்தை மனிதனுடைய கையிலிருந்து வாங்கி மோட்டார் வாகனத்தின் கையில் ஒப்படைக்கும் வழக்கம் சென்ற நூற்றாண்டின் முற்பாதியில், முக்கியமாக ஐரோப்பாவில், பரவியது என்பதில் ஐயமில்லை. முன்கதவை ஒட்டிய தூணில் ஒரு பிளவு வகுத்து, அதனுள் ஆரஞ்சு நிற மூடியிட்ட சிறு கை ஒன்றை மடக்கி வைத்தார்கள். ஓட்டுகிறவர் விசையைத் திருப்பினால் அது எழுந்து, படுக்கைவாட்டில் நின்று, தன்னுள் எரியும் விளக்கோடு திசையைச் சுட்டும். கண் சிமிட்டும் வழக்கம் அதற்கு இல்லை. சிமிட்டும் விளக்கு 1939-ஆம் வருஷத்து பியூக் கார்களிலேயே வந்துவிட்டது என்றாலும், இங்கிலாந்தின் மோரிஸ் மைனர் 1961 வரையில் தன் கையை விட்டுக்கொடுக்கவில்லை. அந்த மைனரின் ஆதி வடிவமே நம் தேசத்தில் ‘பேபி ஹிந்துஸ்தான்’ என்று நாமகரணம் பெற்று ஓடியதால், இவ்விசாரணை நமக்கு அந்நியமானதன்று.

இக்கைகாட்டி ஏன் எழுவதில்லை என்பதே ஆராய்ச்சியின் முதற் பிரச்சினை. இதற்குச் சைவ சித்தாந்தத்தைத் தவிர வேறு தரிசனம் எதுவும் தக்க விடை தரவில்லை என்பது நமது துணிபு. பாட்டரியே பதி, சக்தியெல்லாம் அதனிடமிருந்து வருவது. பல்பு பசு, ஒளிரும் தகுதி உண்டு, சுதந்திரம் இல்லை. இரண்டுக்கும் நடுவே நின்று மறைப்பது பாசம். ஆணவ மலத்துக்குச் செம்பில் ஏறிய களிம்பை உவமை சொன்ன பெரியோர்கள் மோட்டார் ஒயரிங்கைக் கண்டவர்கள் அல்லர். ஆனாலும் பழைய வண்டியின் செம்புக் கம்பி முனைகளில் பச்சைப் பசேலென்று படிந்திருக்கும் களிம்பைப் பார்க்கிறவர்கள், இது உவமையன்று, நேர் வர்ணனையே என்று ஒப்புவார்கள். பாமரர்கள் பல்பை மாற்றுகிறார்கள். மத்திமர்கள் விசையை மாற்றுகிறார்கள். ஞானிகளோ எர்த் கம்பி பாடியோடு சேரும் இடத்தைத் தேடிப் போய், பெயிண்ட்டும் துருவும் நீங்க உப்புத்தாளால் தேய்த்து, திருகை இறுக்கிவிட்டுத் திரும்பி வருகிறார்கள். பெரும்பாலும் அத்தோடு விளக்கு எரிந்துவிடுகிறது.

எரியாவிட்டால் கையையே கழற்ற வேண்டும். பிளவுக்குள் ஒரு சுருளும், அதனுள் வழுக்கும் ஓர் இரும்புத் தண்டும் இருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் சுருள் தண்டை இழுக்க, தண்டு கையை உயர்த்தும். கையின் வயிற்றில், இரு முனையும் கூர்ந்த மூன்று வாட் குழாய் பல்பு ஒன்று படுத்திருக்கும். அதற்குப் போகும் மெல்லிய கம்பி மூட்டின் அருகே ஒவ்வொரு முறையும் வளைந்து வளைந்து, உறை உரிந்து, இழை இழையாக அறுந்திருப்பதைப் பூதக்கண்ணாடி இல்லாமலே காணலாம். புதுக் கம்பியைச் சால்டர் வைக்கும்போது, மூட்டருகே சற்றே தளர்த்தி விட வேண்டும். இழுத்துக் கட்டினால் கை பாதியில் நின்று, இடமும் இல்லை வலமும் இல்லை என்ற அத்வைத நிலையை அடைந்துவிடும். மூட்டுக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டுப் போதும். அன்பு மிகுதியால் தண்டுக்கும் எண்ணெய் விடுகிறவர்கள், புழுதியை விருந்துக்கு அழைக்கிறார்கள். எழாத கைக்குத் தூணில் ஒரு குத்து விடும் சம்பிரதாயமும் உண்டு. இங்கிலாந்திலும் அனுஷ்டானத்தில் இருந்த அதைச் சாஸ்திர விரோதம் என்று தள்ள நமக்குத் துணிவில்லை.

பதியாகிய பாட்டரிக்குச் சார்ஜ் ஏறுகிறதா என்று அறிய, டாஷ்போர்டு விளக்குகளில் விசேஷ கவனத்துக்குரியது சிவப்புச் சார்ஜிங் விளக்கு ஒன்றே. சாவியின் பக்கம் ஒரு முனையும் டைனமோவின் பக்கம் மறு முனையுமாக நிற்கும் அது, இரு பக்கமும் வோல்டேஜ் சமமானவுடன் அணைகிறது. வறுமையில் ஒளிர்ந்து செழிப்பில் மறைவது அதன் சுபாவம். டைனமோ வண்டியில் அந்தப் பல்பு போய்விட்டாலும் சார்ஜ் ஏறும். பின்னாளைய ஆல்டர்னேட்டர் வண்டிகள் பலவற்றிலோ, அச்சிறு பல்பின் வழியே போகும் மின்சாரமே யந்திரத்தைத் துயிலெழுப்புவதால், அற்பப் பல்புதானே என்று அலட்சியம் செய்தவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு சேர நேரும்.

இனி மதபேதம். கையை அகற்றிச் சிமிட்டும் விளக்கு வைப்பவர்கள் சமரசவாதிகள். வைப்பவரோடு சம்பந்தம் செய்யாதவர்கள் சுத்தவாதிகள். 50 வருஷம் கடந்து, சேஸிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாறுதல் இல்லாத வண்டிக்கே விண்டேஜ் அந்தஸ்து என்று மத்திய சர்க்கார் 2021-இல் விதித்ததை இரு சாராரும் தத்தமக்குச் சாதகமாகவே வியாக்கியானம் செய்கிறார்கள். விளக்குக்காக மட்கார்டில் போட்ட ஓட்டை பெரிய மாறுதலா, சிறியதா என்பதைப் பாஷ்யகாரர்களுக்கு விட்டுவிடுகிறோம். எனினும் சமரசவாதிகளுக்கு இரண்டு எச்சரிக்கைகள் உரியவை. பழைய பிளாஷர், பல்புகள் இழுக்கும் மின்சாரத்தால் சூடேறியே சிமிட்டுவது, எல்.இ.டி. இழுக்கும் அற்ப மின்சாரத்தில் அது சூடேறாது, சிமிட்டாது. மேலும் அக்கால ஆங்கிலேய வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் பாசிடிவ் முனையே எர்த் ஆதலால், எல்.இ.டி.யை இக்காலப் பழக்கப்படி இணைத்தால் எரியவும் எரியாது. பழைய பல்புக்கு அந்தத் துருவபேதம் கிடையாது. நாம் சுத்தவாதிகளின் கட்சி.

ஆனால் அக்கட்சிக்கும் ஒரு சங்கடம் இருக்கிறது. இவ்வளவு பிரயாசைப்பட்டு உயிர்ப்பித்த கை, தூணிலிருந்து அழகாக எழுந்து நிற்கும்போது, பின்னால் வரும் ஆட்டோக்காரர் அதைக் கதவில் ஏதோ கழன்று தொங்குகிறது என்றே எண்ணுகிறார். நல்ல மனமுள்ளவர் பக்கத்தில் வந்து, “சார், சைடுல என்னமோ நீட்டிக்கிட்டு இருக்கு” என்று சொல்லிவிட்டும் போகிறார். ஆகையால், கைகாட்டியைப் பழுது பார்த்து முடித்த அன்பர்கள், வலப்பக்கம் திரும்பும்போது தங்கள் சொந்த வலக்கையையும் ஜன்னலுக்கு வெளியே நன்றாக நீட்டும்படி வேண்டிக்கொள்கிறோம்.