நன்னூலாரும் கூகுள் முதற்பக்கமும்: ஓர் ஒப்பாய்வு

கூகுள் 1998-இல் தோன்றியது என்பர். அது பிழை. 13-ஆம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்தில் அதன் விதிகளை வகுத்து முடித்துவிட்டார். ஸ்டான்ஃபோர்டு மாணவர் இருவர் பிற்காலத்தில் செய்ததெல்லாம் அதற்குக் கணினியில் உரை எழுதியதே என்பது இக்கட்டுரையின் துணிபு.

சான்று வருமாறு. தன்னைத் தானே புகழ்வது நூலாசிரியனுக்குத் தகாது. பிறர் புகழ்ந்து சிறப்புப் பாயிரம் தர வேண்டும். யார் தரலாம்? ஆசிரியர், உடன் பயின்றவர், மாணவர், தகுதியுள்ள உரைகாரர் என நால்வர். லாரி பேஜும் செர்கே பிரினும் சொன்ன பேஜ்ரேங்க் வேறென்ன? உன் பக்கம் சிறந்தது என்று நீ சொல்லாதே. பிற பக்கங்கள் உனக்கு இணைப்புக் கொடுத்துச் சொல்லட்டும். சொல்பவரின் தகுதி எவ்வளவோ அவ்வளவே அந்தச் சொல்லுக்கு எடை. (பேஜ் என்பது பக்கத்துக்கும் பெயர், கண்டவருக்கும் பெயர். சிலேடையையும் இங்கிருந்துதான் கொண்டுபோயிருக்க வேண்டும்.)

அற்றேல், கடைக்காரர் தம் தளத்தில் ‘மதுரையில் இன்வெர்ட்டர் பேட்டரி’ என்று தலைப்புகூட இடலாகாதா எனின், இடலாம். தன் ஆற்றலை அறியாதார் நடுவில் தன்னைச் சொல்லிக்கொள்வது குற்றமன்று என நன்னூலார் விலக்குத் தந்திருக்கிறார். தேடுபொறியைப் போல் நம்மை அறியாதார் உண்டோ? எனவே பக்கத்துக்குப் பொருந்திய தலைப்பு, இரண்டு வரிச் சுருக்கம், படத்துக்கு ஒரு விளக்கம், கைபேசியில் சட்டென்று திறக்கும் அமைப்பு ஆகியவை அறநெறிப்பட்டன. இவற்றை வெள்ளைத் தொப்பி என்றும், மற்றவற்றைக் கறுப்புத் தொப்பி என்றும் தளங்களைத் தேடலில் முன்னேற்றும் துறையார் வழங்குவர். பழைய கௌபாய் படங்களில் நல்லவன் வெள்ளைத் தொப்பி அணிந்து வந்ததால் வந்த வழக்கு. நமக்கு இது ஒட்டாது. நம்மூரில் குல்லா நிறம் பார்த்துப் போடப்படுவதில்லை. போடுவதும் அடுத்தவர் தலையில்தான்.

இனிக் குற்றங்கள். நன்னூலார் பத்துக் கூறுகிறார், மூன்று போதும்.

முதலாவது கூறியது கூறல். ‘மலிவான பேட்டரி வேண்டுமா? எங்கள் மலிவான பேட்டரிக் கடையில் மலிவான பேட்டரிகள் மலிவாக’ என நீளும் உரைநடை இவ்வகை. வாசகர் முகம் சுளிப்பார் என்பதால் இதை வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக எழுதும் மரபும் தோன்றியது. மனிதர் காணமாட்டார், பொறி காணும். உலக இலக்கியத்தில் படிக்கப்படக்கூடாது என்றே எழுதப்பட்ட வகை இது ஒன்றுதான். பக்கத்தின் நிரலுக்குள் ஒளிந்திருக்கும் ‘கீவேர்ட்ஸ்’ குறிச்சொல்லில் ஊரிலுள்ள சொற்களையெல்லாம் கொட்டுவதும் உண்டு. தரவரிசைக்கு அதைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009-இல் சொல்லிவிட்டது. கொட்டுவோர் இன்னும் கொட்டுகிறார்கள்.

இரண்டாவது மற்றொன்று விரித்தல். பொறிக்கு ஒன்று காட்டி மனிதருக்கு வேறொன்று விரிப்பது. பிஎம்டபிள்யூவின் ஜெர்மானியத் தளம் ‘பழைய கார்’ என்ற சொல்லை அள்ளித் தெளித்த வாசற்பக்கங்களைப் பொறிக்கு வைத்தது. மனிதர் சொடுக்கினால் படங்கள் மின்னும் வேறு பக்கத்துக்குத் தள்ளிவிட்டது. 2006 பிப்ரவரியில் கூகுள் அத்தளத்தையே பட்டியலிலிருந்து நீக்கியது. வாசற்பக்கங்களை அகற்றியபின் சில நாளில் சேர்த்துக்கொண்டது.

மூன்றாவது வெற்றெனத் தொடுத்தல். தொடுத்தல் என்ற சொல்லே லிங்க்கைத்தான் குறிக்கிறது என்பதை இதுவரை எந்த உரைகாரரும் கவனிக்காதது வியப்பு. ஜே.சி. பென்னி என்ற அமெரிக்கக் கடைக்குத் துணிமணியோடு தொடர்பே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்கள் இணைப்புத் தந்திருந்ததை 2011-இல் நியூயார்க் டைம்ஸ் அம்பலப்படுத்தியது. சூதாட்டத் தளம் கவுனுக்குச் சிறப்புப் பாயிரம் பாடியது போல. தேடல் வரிசையில் கடை சரிந்தது, தமக்கு எதுவும் தெரியாது என்றார்கள் கடைக்காரர்கள்.

கூகுள் பிறருக்கு மட்டுமே உபதேசிக்கும் என்பார்க்கு மறுப்பு: காசு கொடுத்து எழுதவைத்த கட்டுரை ஒன்றில் தன் குரோம் உலாவிக்கு முறையற்ற இணைப்பு இருந்ததால், 2012 ஜனவரியில் தன் குரோம் பக்கத்தையே 60 நாளுக்குக் குறையாமல் கீழே தள்ளியது. தன் நூலில் தானே குற்றம் கண்ட ஆசிரியர் நம் மரபில் அரிது.

முடிவாக, கள ஆய்வு. மதுரையில் பேட்டரி விற்கும் என் மைத்துனரிடம் ‘30 நாளில் முதல் பக்கம்’ என்று ஒருவர் பணம் வாங்கிப்போயிருந்தார். தளத்தின் அடியில் காரணமில்லாமல் ஒரு வெள்ளை வெளி. சுட்டியை அழுத்தி இழுத்தேன். மதுரை பேட்டரி, பேட்டரி மதுரை, மீனாட்சி கோயில் பேட்டரி, ஜிகர்தண்டா பேட்டரி என்று நூற்றுக்கணக்கில் நீலமாய் எழுந்து வந்தன. கடையின் பெயரைப் போட்டுத் தேடினாலும் கடை வரவில்லை.

அதை அழித்துக் கொடுத்தேன். “அத்தான், உங்க சைட்ல எனக்கு ஒரு லிங்க் மட்டும் குடுங்க” என்றார். பாயிரம் தரத் தகுந்தவர் நால்வர்தான், அதில் அக்காள் கணவர் இல்லை என்று விதியை எடுத்துச் சொன்னேன்.

“உரைகாரர்னு போட்டுக்கலாமே, அத்தான்.”