லைட்டு பிடிக்கிறவர்

எங்கள் ஊரில் யாராவது வண்டியின் பானெட்டைத் தூக்கினால் ஐந்து நிமிடத்தில் அவர் வந்து நிற்பார். யார் போய்ச் சொன்னார்கள் என்பது இன்றுவரை புரியாத விஷயம். கையை வீசிக்கொண்டு வருவார். வண்டியை ஒரு சுற்று சுற்றுவார். டயரைக் காலால் ஒரு தட்டு தட்டுவார். பிறகு மெக்கானிக்கைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"லைட்டு கீதா?"

ஸ்பானரைத் தொட மாட்டார். ஜாக்கி பக்கம் போக மாட்டார். கிரீஸ் டப்பாவைத் திறந்தாலே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றுவிடுவார். ஆனால் லைட்டு பிடிக்கிற உத்தியோகத்தை மட்டும் வேறு யாருக்கும் விட்டுத்தர மாட்டார். வேலை நடக்கிற இடத்தில் வேலை செய்யாமல் நிற்பவனை எவனும் "ஓரமா போய்யா" என்று சொல்லிவிடலாம். கையில் லைட்டு இருப்பவனைச் சொல்ல முடியாது. வேடிக்கை பார்ப்பவர்களிலேயே உத்தியோகம் உள்ளவர் அவர் ஒருவர்தான்.

சிரமம் என்னவென்றால், பழையசீவரம் வேடிக்கைக்குப் பஞ்சமில்லாத ஊர். காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே, பாலாற்றங்கரையில் இருக்கிறது. மலைமேல் லட்சுமி நரசிம்மர். ஆற்றுக்கு அக்கரையில் திருமுக்கூடல். அரக்கோணம் பாதையில் ரயில். சாலையில் விடிய விடிய ஜல்லி லாரி. இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் கையில் டார்ச்சைக் கொடுத்தால் அது ஒரே இடத்தில் நிற்குமா?

என் தம்பியிடம் ஒரு பழைய பிக்கப் இருக்கிறது. 2005இல் குட்டி யானை வந்து ஊரையெல்லாம் பிடித்துக்கொள்வதற்கு முந்தைய தலைமுறை வண்டி. கத்தரிக்காய், வாழைத்தார், பந்தல் சாமான், சில சமயம் கல்யாணக் கோஷ்டி என்று எல்லாவற்றையும் சுமந்தது. கொஞ்ச நாளாக அதன் ஸ்டேரிங் வீலைப் பிடித்து அசைத்தால் உரலில் உலக்கை ஆடுவதுபோல் மேலும் கீழும் ஆடியது. வாலாஜாபாத்திலிருந்து மெக்கானிக் பையன் வந்தான். ஆட்டிப் பார்த்தான். "மேல் பேரிங்கு போயிட்சிணா. காலத்தக் கழட்டிதான் பாக்கணும்" என்றான்.

காலம் என்றால் நீங்கள் நினைக்கிற காலமல்ல. வீலிலிருந்து டேஷ்போர்டுக்கு அடியில் இறங்கிப் போகிற குழாய்க்கும் அதற்குள் ஓடும் தண்டுக்கும் சேர்த்துப் பட்டறையில் வழங்கும் பெயர் ஸ்டேரிங் காலம். காலத்தைக் கழிக்கத் தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் நிறைய உண்டு. கழற்றத் தெரிந்தவன் அன்றைக்கு அவன் ஒருவன்தான்.

சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பித்தான். பேட்டரியின் நெகடிவ் ஒயரை எடுத்தான். முன் சக்கரங்களை நேராக நிறுத்தினான். ஹாரன் மூடியைத் திருப்புளியால் நெம்பி எடுத்தான். உள்ளே பெரிய நட்டு. அதைத் தளர்த்தினானே தவிர முழுக்கக் கழற்றவில்லை. இரண்டு மரை விட்டுவைக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் இழுக்கிற இழுப்பில் வீல் சட்டென்று விட்டு, இழுக்கிறவன் மூக்கிலேயே அறையும். தண்டிலும் வீலிலும் சேர்த்து பஞ்சால் ஒரு புள்ளி தட்டினான். திரும்ப மாட்டும்போது புள்ளிக்குப் புள்ளி வந்தால்தான் வண்டி நேரே போகையில் வீலும் நேராக நிற்கும். பிறகு புல்லர் போட்டு முறுக்கினான். வீல் 'டக்' என்று விட்டது.

"மரை பத்திரம்பா" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அவர். "மரை கழண்டதுங்கள நான் இந்த ஊர்ல எவ்ளோ பாத்துகிறேன்."

அதுவரை வெயில் இருந்ததால் அவருக்கு வேலையில்லை. இண்டிகேட்டர் சுவிட்சு, சாவி போடும் லாக்கு, வண்ண வண்ண ஒயர்கள் எல்லாம் வெளிச்சத்திலேயே வந்துவிட்டன. எந்த ஒயர் எங்கே என்று பையன் நூல் கட்டி அடையாளம் வைத்துக்கொண்டான். மிச்சமிருந்தது டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் பிராக்கெட்டும், அதற்கும் கீழே பெடல்களுக்குப் பின்னால் இருக்கும் யூ ஜாயிண்டும்தான். அந்த இடத்தில் நடுப்பகலிலேயே இருட்டு. மணியோ ஆறு.

பையன் தலையை கிளட்ச் பக்கம் விட்டு, முதுகைத் தரையில் பாதியும் படிக்கட்டில் பாதியுமாகச் சாய்த்து, கால்களை சீட்டின் மேலே போட்டான். மலைமேல் இருக்கும் பெருமாளை நினைத்துக்கொண்டேன். உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. தரையிலும் இல்லை, ஆகாயத்திலும் இல்லை. பகலும் இல்லை, இரவும் இல்லை. அந்திப்பொழுதில், நிலைப்படியில், தூணை வைத்து நடக்கிற காரியம். நரசிம்மருக்கு அன்று லைட்டு பிடிக்க ஆளில்லாததால் சீக்கிரம் முடிந்தது.

தம்பி மகன்தான் முதலில் சார்ஜ் டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். பத்து வயது. அசையாமல் பிடித்திருந்தான். அதுதான் அவன் செய்த குற்றம்.

"கொழந்தப் பையன் கையில குடுத்துகிறீங்களே" என்று அதை வாங்கிக்கொண்டார். "உத்திரமேரூர்ல கல்லுலயே வெட்டி வெச்சுகிறான் பாரு, முப்பத்தஞ்சு வயசுக்கு மேல, எழுபதுக்குள்ள. அதுல இல்லாதவன் வாரியத்துலயே சேரக் கூடாது."

சொன்னது உண்மைதான். பராந்தக சோழன் காலத்தில், 921இல் வெட்டிய குடவோலைக் கல்வெட்டில் அப்படித்தான் இருக்கிறது. அதே கல்வெட்டில், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், பிறர் பொருளைக் கவர்ந்தவரும் கூடாது என்றும் இருக்கிறது. அந்த வரிகளுக்கு அவர் வரவில்லை.

"பெரிப்பா, கொஞ்சம் கீழ" என்றான் பையன்.

தலைகீழாகக் கிடப்பவனுக்கு எது கீழ், நின்றுகொண்டிருப்பவருக்கு எது கீழ் என்பதில் ஒரு தகராறு வந்தது. வெளிச்சம் பெடலுக்குப் போனது, கியருக்குப் போனது, கடைசியில் பையனின் கண்ணுக்கு நேராக வந்து நின்றது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். "இப்ப தெரியுதா?" என்று கேட்டார்.

ஒருவழியாக வெளிச்சம் போல்ட்டுக்கு வந்தது. வந்ததும் அவருக்கே அந்தப் போல்ட்டைப் பார்க்க ஆசை வந்துவிட்டது. எட்டிப் பார்த்தார். வெளிச்சத்துக்கும் போல்ட்டுக்கும் நடுவில் இப்போது அவர் தலை.

நானும் இரண்டு மணி நேரம் கவனித்துப் பார்த்தேன். அவருடைய டார்ச்சு கையில் இல்லை, நாக்கில் இருக்கிறது. பேச்சு எங்கே போகிறதோ அங்கேதான் வெளிச்சமும் போகும். பிராக்கெட்டின் முதல் போல்ட்டு அசைகிற நேரத்தில் மாட்டுப் பொங்கல் ஞாபகம் வந்தது. அன்றைக்குக் காஞ்சிபுரத்திலிருந்து வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்கு எங்கள் ஊருக்கு வருவார். மலைக்கு எழுந்தருளி, நரசிம்மரும் சேர்ந்துகொள்ள, ஆற்றைக் கடந்து திருமுக்கூடல் போவார்கள். அதைச் சொல்லும்போது வெளிச்சமும் மலையேறியது. "அந்தக் காலத்துல எங்க தாத்தா தீவட்டி புடிச்சிக்கினு முன்னால போவாரு. அவரு கை அசையாது." அசையாத கையைப் பற்றிச் சொல்லும்போது கை அசைந்துகொண்டே இருந்தது.

பெருமாள் ஆற்றைக் கடந்ததும் வெளிச்சமும் கடந்தது. "திருமுக்கூடல் கோயில்ல கல்வெட்டு கீது தெரியுமா? வீரராசேந்திர சோழன் காலத்துலயே ஆஸ்பத்திரி வெச்சுகிறான். பதினஞ்சு கட்டிலு! வைத்தியரு தனி, அறுத்து சொஸ்தப்படுத்தறவரு தனி, மருந்து எடுத்துக் குடுக்க ஆளு தனி..."

வண்டிக்குள்ளிருந்து 'ணங்' என்று ஒரு சத்தம். ஸ்பானர் வழுக்கி விரல்முட்டி பிராக்கெட்டில் இடித்துவிட்டது.

"பெரிப்பா," என்றான் பையன், "நான் இப்ப அந்தக் கட்டில்ல ஒண்ணுலதான் போய்ப் படுக்கணும். லைட்ட இங்க காட்டுங்க."

காட்டினார். எதிரே ரயில் வந்தது. வெளிச்சம் ரயிலோடு கொஞ்ச தூரம் போய்விட்டு வந்தது.

நடுவில் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டுத் தன் செல்போன் லைட்டைப் போட்டார். அதுதான் "பளிச்சுனு" இருக்குமாம். உண்மையிலேயே பளிச்சென்றுதான் இருந்தது. மூன்று நிமிடம். பிறகு அவர் மகள் போன் செய்தாள். போனைக் காதில் வைத்தார். அவர் காதிலிருந்து புறப்பட்ட வெளிச்சம் வேப்ப மரத்தின் உச்சிக் கிளை வரை போனது. அங்கே தூங்கிக்கொண்டிருந்த காக்கை ஒன்று எழுந்து கத்தியது. "வண்டி வேலையில கீறேம்மா, அப்றம் பேசறேன்" என்றார், பத்து நிமிடம் பேசிய பிறகு.

இவ்வளவையும் மீறி பிராக்கெட் போல்ட்டுகள் வந்துவிட்டன. இனி மேலிருந்து இழுத்தால் காலம் வர வேண்டும். இழுத்தோம். வரவில்லை. என் தம்பியும் நானும் சேர்ந்து இழுத்தோம். வண்டிதான் ஆடியது. கூட்டத்திலிருந்து ஒருவர் கீழிருந்து சுத்தியலால் ஒரு போடு போட யோசனை சொன்னார். பையன் பதறிவிட்டான். புது வண்டிகளின் காலம் மோதலில் தானாக உள்ளே மடங்கிக்கொள்ளும்படி செய்தது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1967 மாடல் கார்களிலேயே அதைக் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் காலம் என்பது ஓட்டுகிறவர் மார்புக்கு நேராக நீட்டி வைத்த ஈட்டிதான். மடங்குகிற ரகத்தில் சுத்தியல் போட்டால் மோதல் வந்துவிட்டதென்று நினைத்து அது பாட்டுக்கு மடங்கிவிடும். மடங்காத ரகத்திலோ தண்டின் முனை நசுங்கிப்போகும். இரண்டில் எது நடந்தாலும் மறுநாள் புதுப்பேட்டைக்குப் பஸ் ஏறி, பழைய சாமான் கடை கடையாக வேறு காலம் தேட வேண்டும்.

"யூ ஜாயிண்டு போல்ட்டத்தான் லூஸ் பண்ணிட்டேனே" என்று பையன் தனக்குத்தானே முனகினான். பிறகு அவனே தலையில் அடித்துக்கொண்டான். அந்தப் போல்ட்டைத் தளர்த்தினால் போதாது, முழுக்க உருவ வேண்டும். தண்டில் அதற்கென்றே ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். போல்ட்டு அந்தப் பள்ளத்தில் குறுக்கே உட்கார்ந்திருக்கிற வரை பத்துப் பேர் இழுத்தாலும் தண்டு நகராது. வெளிச்சம் திருமுக்கூடலில் இருந்த நேரத்தில் அவன் செய்த வேலை அது.

மறுபடியும் தலைகீழானான். துரு ஏறின போல்ட்டு. எண்ணெய் விட்டு ஊற வைத்தான். லைட்டு வந்தது, போனது. கண்ணில் அடித்தது, தலை மறைத்தது.

"பெரிப்பா."

"சொல்லு தம்பி."

"லைட்ட அணைச்சிடுங்க."

கூட்டம் அமைதியானது. அவரிடம் இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. கொஞ்சம் தயங்கி, சுவிட்சைத் தட்டினார். இருட்டில் பையனின் மூச்சும் ஸ்பானர் திரும்பும் 'கிரீச்'சும் மட்டும் கேட்டன. விரலால் தடவித் தடவியே வேலை செய்துகொண்டிருந்தான். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஏதோ ஒன்று ரப்பர் மேட்டின் மேல் 'சொத்'தென்று விழுந்தது.

"இழுங்கணா!"

இழுத்தோம். கோயில் தேர் நிலையை விட்டு நகர்வதுபோல முதலில் ஒரு அசைவு. பிறகு காலம் மொத்தமும் துருத்தூளோடு கையில் வந்துவிட்டது. நான் அதைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போய் விழ இருந்தேன்.

அந்த நொடியில் டார்ச்சு எரிந்தது. காலத்தின் மேல் நேராக, துளி அசையாமல், தாத்தா பிடித்த தீவட்டிபோல. சாக்கு விரித்து அதைக் கிடத்துகிற வரை வெளிச்சம் விலகவில்லை. இனிப் பார்ப்பதற்கு எதுவும் இல்லை என்கிற நேரத்தில் அவரைப்போல லைட்டு பிடிக்க ஆள் கிடையாது.

"பாத்தியா?" என்றார் என் தம்பியிடம். "கரெக்டான டைம்ல அணைச்சேன். அதான் வந்துட்சி."

பையன் ஒன்றும் சொல்லவில்லை. முட்டியில் துணி சுற்றிக்கொண்டிருந்தான். அவனுக்கு இவர்மேல் கோபம் இருந்ததா என்றால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. முந்தைய தடவை கிளட்ச் பிளேட் மாற்ற வந்தபோது இவர் காய்ச்சலில் படுத்திருந்தார். அன்று நாலு மணி நேரத்தில் நாலு தடவை "பெரிப்பா எங்கணா?" என்று அவனேதான் கேட்டான்.

ராத்திரி எட்டு மணிக்கு டீக்கடையில் அந்த வேலை வேறு மாதிரி நடந்து முடிந்திருந்தது. "மூணு மணி நேரம் போராட்டம். நானும் அந்தப் பையனும்தான் கழட்டனோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். யூ ஜாயிண்டு, கிளாம்பு போல்ட்டு, தண்டில் இருக்கும் பள்ளம் எல்லாம் சரியாகச் சொன்னார். அதுவரை வெளிச்சம் போகாத இடமெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் காலை பேரிங்கு வாங்கிக்கொண்டு பையன் வந்தான். பழையதைத் தட்டி எடுக்க உள்ளே பார்க்க வேண்டும். டார்ச்சைத் தேடினோம். சாக்கின் மேல் இல்லை. டேஷ்போர்டில் இல்லை. வேப்ப மரத்தடியில் இல்லை. தம்பி மனைவி சமையலறையையும் ஒருமுறை புரட்டிவிட்டு வந்தாள்.

தெருவில் விளையாடிக்கொண்டிருந்த தம்பி மகன் உள்ளே எட்டிப் பார்த்தான்.

"இன்னா தேடறீங்க? டார்ச்சா? ஆத்தோரம் மோட்டார் ரூம்ல பியூஸ் போயிட்சாம். தாத்தா லைட்டு புடிச்சிக்கினு கீறாரு."