உள்ளே ஒரு கச்சேரி

கேள்வி: தியானத்தில் உட்கார்ந்தால் காதுக்குள் ‘ரீ...’ என்று ஒரு சத்தம். இது தட்டாமலே உள்ளே எழும் அனாகத நாதமா, இல்லை காது டாக்டரைப் பார்க்க வேண்டுமா?

பதில்: இரண்டுக்கும் தனித்தனி வரிசை உண்டு, டோக்கனை மாற்றி வாங்கிவிடக் கூடாது.

நாத யோகிகள் கேட்டது ஒற்றை ‘ரீ’ அல்ல, முழுக் கச்சேரி. திருமூலர் பத்து ஒலிகளைச் சொல்கிறார்: மணி முதல் யாழ் வரை. நடுவே கடலும் யானையும்கூட வரும். (யானை எந்த வழியாக நுழைந்தது என்று கேட்கக் கூடாது.) ஸ்வாத்மாராமரின் ‘ஹட யோகப் பிரதீபிகை’ நான்காம் அத்தியாயத்தில் வரிசையே போடுகிறது: தொடக்கத்தில் கடல், இடி, பேரிகை, பழகப் பழக சதங்கை, குழல், வீணை, வண்டு. சத்தம் கூடினால் முன்னேற்றமல்ல, குறைந்தால்தான்! ஆக்ராவில் 1861-இல் சிவ தயாள் சிங் வெளிப்படையாகப் போதிக்கத் தொடங்கிய ராதாசுவாமி மரபுக்கும் இந்த உள்ளொலிதான் ஏணி.

யோகமே பழகாதவர்களுக்கும் கேட்கும். அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ், ஹார்வர்டில் எதிரொலி இல்லாத அறைக்குள் போனார். அமைதியைத் தேடிப் போனவருக்கு இரண்டு ஒலிகள் கேட்டன. ஒன்று நரம்பு மண்டலம், மற்றது ரத்த ஓட்டம் என்றாராம் அங்கிருந்த பொறியாளர். கேஜுக்கு முக்தி கிடைக்கவில்லை; 1952-இல் 4 நிமிடம் 33 விநாடிக்கு ஒரு சுரம்கூட வாசிக்காத படைப்பை உருவாக்கினார்.

பிரதீபிகை வலது காதில் கேட்கச் சொல்வது உண்மைதான். ஆனாலும் ஒலி ஒரே காதில் விடாமல் ஒலித்தாலோ, நாடியோடு சேர்ந்து துடித்தாலோ, தலை சுற்றினாலோ, காது மூக்கு தொண்டை மருத்துவர்தான் குரு. தட்சிணையை மட்டும் கவுன்ட்டரில் கட்டவேண்டும்.